கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர்

தெருவில் எல்லோருக்கும் அவள் 'காலக்கா'. செயற்கைக் கால் செய்வது அவள் தொழில். படித்தது பத்தாவது வரைதான். ஆனால் பதினாறு வருஷத்தில் முந்நூறு பேரையாவது நடக்க வைத்திருப்பாள்.

ஒரு திங்கட்கிழமை அவளுடைய பழைய கம்ப்யூட்டர் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. புதியது வந்தது. காலை ஸ்கேன் செய்து அளவெடுக்கும் மென்பொருளோ அதில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தது. அதைச் செய்த கம்பெனியும் மூடிப் பல வருஷமாகிவிட்டது.

"அது பழைய விண்டோஸ்லதான் ஓடும். மறந்துடுங்க," என்றார் கடைக்காரர்.

மறக்க முடியுமா? விபத்தில் காலை இழந்த தபால்காரர் காத்திருந்தார். மாதக் கடைசிக்குள் நடந்து காட்டாவிட்டால், உட்கார்ந்து முத்திரை குத்தும் வேலைதான் அவருக்கு.

காலக்கா இணையத்தில் துருவினாள். புதிய கம்ப்யூட்டருக்குள்ளேயே பழைய விண்டோஸைத் தனியாக ஓட்டலாமாம். அதற்கு விர்ச்சுவல் மெஷின் என்று பெயராம். அதற்கான மென்பொருளை இறக்கினாள். ஓட்டிப் பார்த்தால் ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தி. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாகப் படித்தாள். கம்ப்யூட்டர் விழிக்கும்போதே ஒரு பட்டனை அழுத்தி, அதன் அமைப்புகளுக்குள் போய், விர்ச்சுவல் மெஷினுக்கு அனுமதி கொடுக்க வேண்டுமாம். நாலு தடவை தவறவிட்டு, ஐந்தாவது தடவை பிடித்தாள்.

பழைய சிடியிலிருந்து விண்டோஸ் ஏறியது. அளவெடுக்கும் மென்பொருளும் திறந்தது. ஸ்கேனர் மட்டும் அதன் கண்ணுக்குத் தெரியவில்லை.

பஸ் ஓட்டிவிட்டு வந்த கணவர் எட்டிப் பார்த்தார். "நீ காலைப் பாரு. இதுக்கெல்லாம் தலையைக் கொடுக்காதே."

"யாரையும் நான் திருப்பி அனுப்பினதில்லைங்க. இவரையும் அனுப்ப மாட்டேன்."

மூன்றாம் நாள் காலையில் புரிந்தது. ஸ்கேனரை வெளியே இருக்கும் கம்ப்யூட்டரே பிடித்து வைத்திருந்தது. யுஎஸ்பி பட்டியலில் ஸ்கேனரின் பெயரைத் தேடி, அதை உள்ளே ஓடும் பழைய விண்டோஸுக்கு விட்டுக்கொடுத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. "வந்துடுச்சுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் கணவர் பல் தேய்க்கும் நுரை வாயோடு ஓடி வந்தார்.

அன்றே தபால்காரருக்கு அளவெடுத்தாள். இரண்டு வாரம் கழித்து அவர் புதுக் காலை மாட்டி, நடை பழகும் கம்பியைப் பிடித்து எழுந்தார். பிறகு கம்பியை விட்டார். சுவர்வரை போய்த் திரும்பி நின்றார். முகமெல்லாம் வேர்வை.

"அக்கா, முட்டிக்குக் கீழ லேசா உரசுது."

"கழட்டுங்க," என்று அரத்தைக் கையில் எடுத்தாள் அவள்.