காணிப்பாக்கத்தில் அண்ணன் முழுகியது

எங்கள் ஊர்ப்பக்கம் கோர்ட்டில் பொய் சொன்னவனுக்குக்கூடப் பெண் கொடுப்பார்கள். காணிப்பாக்கத்தில் பொய் சொன்னவன் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். கோயில் குளத்தில் தலைமுழுகி, ஈரத்துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று சொல்கிற சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு. பொதுவாக அங்கே போகிறவர்கள் ‘நான் எடுக்கவில்லை’ என்று சத்தியம் செய்யத்தான் போவார்கள். ‘நான்தான் எடுத்தேன்’ என்று சத்தியம் செய்ய ஒரு குடும்பம் வேன் பிடித்துப் போயிருந்தால், அது எங்கள் குடும்பமாகத்தான் இருக்கும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஓர் இடத்தில் உட்காரத் தெரியாத பிள்ளை. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா திட்டுவாள். அந்த வருஷம் என் வியாதி வீடு முழுக்கத் தொற்றிக்கொண்டது. நைனா மாந்தோப்புக்குக் கிளம்புவார், பாதி வழியிலேயே திரும்பி வந்துவிடுவார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் போதும், அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாள். அக்கா கதவைச் சாத்திக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். தை மாதத்தில் அவளுக்கும் மாமன் மகனுக்கும் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள்.

எல்லாம் ஒரு புல்லட்டால் வந்த வினை. மாமன் மகன் புத்தூரில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். அண்ணனுக்குப் பதினாறு வயது, விடுமுறை நாட்களில் அங்கே போய் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான். தக்காளி மண்டிக்காரர் ஒருவர் சர்வீசுக்கு விட்டிருந்த புல்லட், ஷெட் பூட்டியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காணாமல் போய், பலமனேர் போகிற மலைப்பாதையில் பள்ளத்துக்குள் முன்சக்கரம் வளைந்து கிடந்தது. ஷெட்டில் சாவி மாட்டியிருக்கும் இடம் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அண்ணனும் மாமன் மகனும். போலீஸ் வந்து விசாரித்தபோது அண்ணன் முந்திக்கொண்டு, “நான்தான் சார்” என்றான்.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அண்ணனைத் திருப்பதியில் ஹாஸ்டலில் சேர்த்திருக்கிறோம் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். பள்ளிக்கூடமே போகாத ஹாஸ்டல் என்ன ஹாஸ்டல் என்று நான் கேட்கவில்லை. பார்க்கப் போனபோது அம்மா கொண்டுபோன முறுக்கைக் கேட்டில் ஒருவர் உடைத்து உடைத்துப் பார்த்தார். ஹாஸ்டல்காரர்களுக்கு முறுக்குமேல் இவ்வளவு ஆசையா என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அந்த ஹாஸ்டல் விஷயமாகவே ஒரு ஆபீசுக்குப் போனோம். மேடை கிடையாது, கூண்டு கிடையாது. ஒரு நீள மேஜை, அதற்குப் பின்னால் புடவை கட்டிய ஒரு அம்மாளும் இன்னும் இரண்டு பேரும். அண்ணனைக் கூட்டிவந்தவர் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார். நான் நாற்காலியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்ததைப் பார்த்து, “கூசோ பாப்பா, உக்காரு, காலு நிக்காதா உனக்கு?” என்று சிரித்தார். நானும் அவரை மாமா என்று கூப்பிட்டேன். பின்னாளில் புத்தூர் பஸ் ஸ்டாண்டில் அதே மாமாவைக் காக்கியில் பார்த்து அம்மா முந்தானைக்குள் ஒளிந்துகொண்டேன். அது பிள்ளைகளுக்கான கோர்ட், அங்கே கூட்டி வரும்போது போலீஸ்காரர் யூனிஃபார்மில் வரக்கூடாதாம். பயந்துவிடுவார்கள் என்று சட்டத்துக்கே ஒரு இரக்கம்.

அந்த அம்மாள் தெலுங்கில் மெல்லத்தான் கேட்டார். வண்டியை ஏன் எடுத்தாய் என்று கேட்டதற்கு அண்ணன் ஏதோ முணுமுணுத்தான். கூட யாராவது இருந்தார்களா என்றதற்கு இல்லையென்று தலையாட்டினான். கடைசியில், மேலே என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டார். அதுவரை கல் மாதிரி நின்றிருந்தவன் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டான். அவர் தன் முன்னாலிருந்த தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடி இல்லை, அதட்டல் இல்லை, இதற்கெல்லாமா ஒருவன் அழுவான்?

புத்தி சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். சில வாரங்கள் அரசு ஆஸ்பத்திரித் தோட்டத்தில் செடிகளுக்குத் தண்ணீர் விட வேண்டும், அவ்வளவுதான். வீடு மூச்சுவிட்டது. ஆனால் மண்டிக்காரருக்கு மனம் ஆறவில்லை. மறுநாளே வாசலில் வந்து நின்றார்.

“என் புல்லட்ட ஒடச்சவன் செடிக்குத் தண்ணி ஊத்தினா சரியாப் போச்சா? இவன் ஏறி குந்துனா காலு தரையில எட்டாது. அந்த மலையில ஓட்டிக்கினு போனவன் இவன் இல்ல, பெரியவன். இவன்தான்னா காணிப்பாக்கத்துல வந்து சத்தியம் பண்ணட்டும், நான் உட்டுடறேன். இல்லாங்காட்டி பெரியவன் மேல கேசு குடுக்காம உட மாட்டேன்.”

பெரியவன் என்றால் மாமன் மகன். அவருக்கு வயது இருபத்துமூன்று. பதினாறு வயதுக்குச் செடியும் தண்ணீரும் கொடுத்த சட்டம் இருபத்துமூன்றுக்கு ஜெயிலைத்தான் கொடுக்கும். அப்புறம் கல்யாணம் எங்கே, அக்கா எங்கே? அன்று சாயங்காலம் மாமன் வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். நான் ஜன்னலுக்கு ஜன்னல் தாவிப் பார்த்தும் ஒரு வார்த்தை காதில் விழவில்லை. கதவு திறந்தபோது அண்ணன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

வேன் பிடித்துக் கிளம்பினோம். மாமன் மகன் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். எனக்கு ஒரே குஷி. காணிப்பாக்கத்துப் பிள்ளையார் வளர்ந்துகொண்டே இருப்பவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். கண்ணிமைக்காமல் பார்த்தால் வளர்வது தெரியுமா என்று சித்தூர் தாண்டும்வரை அம்மாவை அரித்தெடுத்தேன்.

குளத்துப் படியில் அண்ணன் இறங்கினான். நைனா தோளில் துண்டோடு கூடவே இறங்கினார். மண்டிக்காரர் மேல்படியில் நின்று போனில் யாரிடமோ தக்காளி விலை பேசிக்கொண்டிருந்தார். நான் கடைசிப் படியில் காலால் தண்ணீரை அளைந்துகொண்டிருந்தேன். அண்ணன் கழுத்துவரை அமிழ்ந்தான். கையில் தண்ணீர் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான். கொஞ்சம் நின்றான். பிறகு எழுந்து படியேறினான். காலையில் அம்மா வைத்துவிட்ட எண்ணெய் மினுமினுக்க, அவன் உச்சந்தலை முடி ஒரு சொட்டு நனையாமல் இருந்தது.

எங்கள் வீட்டில் நான் இப்படிக் குளித்துவிட்டு வந்தால் அம்மா திருப்பி விரட்டுவாள். அண்ணன் மாட்டிக்கொண்ட சந்தோஷத்தில் குளம் அதிரக் கத்தினேன்.

“நைனா! அண்ணன் தல முழுகல!”

கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அதுவரை என்மேல் கை வைக்காத நைனா. வலியைவிட அதிசயம்தான் பெரிதாக இருந்தது, அழக்கூட மறந்துவிட்டேன். மண்டிக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, “இன்னா சத்தம்?” என்றார்.

“ஒண்ணுமில்லண்ணா. படி வழுக்குது, பாப்பா துள்ளிக்கினு கீது” என்றார் நைனா. அதற்குள் துண்டு அண்ணன் தலைமேல் இருந்தது. அதை எடுக்கவே விடாமல் சன்னிதிவரை பிடித்துக் கூட்டிப் போனார். நான் ஒருத்தன்தான் எடுத்தேன் என்று அண்ணன் சொன்னான். குரல் எனக்கே கேட்கவில்லை. மண்டிக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, சரி, முடிந்தது என்று கிளம்பிவிட்டார். அந்தக் கலவரத்தில் பிள்ளையார் வளர்ந்தாரா என்று பார்க்கவே மறந்துபோனேன்.

தை மாதம் அக்கா கல்யாணம் நடந்தது. மாமன் மகனுக்கு இப்போது தோளுக்கு உயர்ந்த மகன் இருக்கிறான். போன வருஷம் அவன் வண்டிச் சாவி கேட்டு அடம் பிடித்தபோது, “ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வெச்சுடலாம்னுதான்டா அன்னைக்கு நானும் எடுத்தேன்” என்று அவர் வாயாலேயே வந்தது. அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். அண்ணன் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். நாங்கள் காணிப்பாக்கம் போகும்போதெல்லாம் கூட வருவான், ஆனால் வேனை விட்டு இறங்க மாட்டான்.

அன்று திரும்பும்போது என் கன்னம் எரிந்துகொண்டிருந்தது. முன்சீட்டில் அண்ணன் குனிந்து உட்கார்ந்திருந்தான். நைனா அந்தத் துண்டால் அவன் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். நிறுத்துவார், ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார், மறுபடியும் துவட்டுவார். முழுகவில்லை என்று சொன்னவளுக்கு அறை, முழுகாதவனுக்குச் சேவகமா என்று எனக்குப் பொறுக்கவில்லை. சீட்டின் மேல் ஏறி நின்று எட்டி அண்ணன் தலையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. அதை நைனாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.