இங்கிலீஷில் விழுந்த பழி

இங்கிலீஷில் திட்டினால் அது திட்டே அல்ல என்று கோயமுத்தூர் ஜில்லா ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனி முதலாளி நினைத்துக்கொண்டிருந்தார். அறுபதுகளில் நடந்தது. மனிதர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. எனக்கு ஆத்திரம் மட்டும் இன்னும் அடங்கவில்லை.

அவருக்கும் ஒரு சங்கடம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். வேலைக்கு இருந்தவர்களில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள். பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடும் ஊரில், மாப்பிள்ளை முறைக்காரனைச் சோம்பேறி என்று சொல்லிவிட்டு அடுத்த கல்யாணப் பந்தியில் அவன் பக்கத்தில் எப்படி உட்காருவது? அதனால் கோயமுத்தூர் காலேஜில் படித்துவந்த இங்கிலீஷைக் கையில் எடுத்தார். "கேர்லெஸ்ஸுங்க நீங்க" என்பார். "வர வர லேசி ஆயிட்டீங்க மாப்ளே" என்பார். மரியாதையெல்லாம் தமிழில், மிதியெல்லாம் இங்கிலீஷில். திட்டு வாங்கியவர்கள் டீ குடிக்கும்போது அதையே பட்டப்பெயராக வைத்து ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டார்கள்.

என் கணவர் அங்கே கட்டிங் மாஸ்டர். முதலாளி அவருக்குத் தூரத்து மாமன். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள், அவர் ஐந்தாவதோடு நின்றவர். அன்றன்றைக்கு வாங்கிய வசையை வீட்டில் வந்து சொல்வார், நான் அர்த்தம் சொல்வேன், இரண்டு பேரும் சிரிப்போம்.

ஒரு நாள் சாயங்காலம் கைகால் கழுவிக்கொண்டே, "இன்னைக்குப் புதுசா ஒண்ணு சொன்னாரு புள்ள. டிஸ்ஹானஸ்ட்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதற்குச் சொன்னார் என்று கேட்டேன். துணி ரோல் இரண்டு குறைகிறதாம். முதலாளி கட்டிங் மேஜைக்கு வந்து, அத்தனை பேர் முன்னால், "நீங்க டிஸ்ஹானஸ்ட்டுங்க மாப்ளே" என்றாராம்.

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது? ஆமாங்கன்னேன்."

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் எது சொன்னாலும் முதலில் 'ஆமாங்க' என்பதுதான் வழக்கம். மறுக்க வேண்டுமானாலும் "ஆமாங்க, ஆனாலும் பாருங்க" என்று ஆரம்பித்துத்தான் மறுப்போம். அது முதலாளிக்குத் தெரியாதா? அவரும் அதே ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்தானே? ஆனால் பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளை அந்த 'ஆமாங்க'வைப் பிடித்துக்கொண்டார். மாஸ்டரே ஒத்துக்கொண்டார் என்று பரப்பிவிட்டார். மறுநாள் காலையில் குழாயடியில் ஒருத்தி என்னிடமே கேட்டாள், "ஏனுங்கக்கா, ரோலை எடுத்தது உங்க ஊட்டுக்காரராமே?"

கட்டிங் மாஸ்டரிடம் துணியை நம்பித்தான் விடுவார்கள். இந்தப் பேர் நிலைத்துவிட்டால் எந்தக் கம்பெனியிலும் அவரை மேஜைப் பக்கம் சேர்க்க மாட்டார்கள். அவரிடம் நான் இன்னும் அர்த்தத்தைச் சொல்லியிருக்கவில்லை. சொன்னவர் வாயாலேயே அதைத் திரும்ப வாங்க வைத்துவிட வேண்டும், இவர் காதுக்கு வருவதற்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்று இருந்தது எனக்கு.

மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தோடு கம்பெனிக்குப் போனேன். முதலாளி கட்டிங் மேஜை பக்கத்தில்தான், என் கணவர் துணி வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"வாங்க அம்மிணி" என்றார்.

"ரோல் காணாமப் போச்சுன்னு சொன்னீங்களாமுங்க."

"அது சலவைக்குப் போன எடத்துலயே தங்கிருச்சாமா. காலைல கொண்டாந்து போட்டுட்டாங்க."

காலையிலேயே ரோல் வந்துவிட்டது. மத்தியானம் வரைக்கும் இந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை.

"அப்ப நேத்துச் சொன்னதை இவங்க முன்னாலயே இல்லைன்னு சொல்லிருங்க."

"அட, அது இங்கிலீஷுல சும்மா சொல்றது அம்மிணி. அதையெல்லாம் பெருசா எடுத்துக்கலாமுங்களா?"

"சும்மா சொன்னதுன்னா அதையே தமிழ்ல ஒருக்காச் சொல்லுங்க பார்க்கலாம்."

தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலாளி சிரித்தார். கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு ஒரு துணியை எடுத்து அதன் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டு நின்றார். தமிழில் சொல்ல அவருக்கு நா எழவில்லை. சொன்னால் அது பழி, நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்கும் பழி. இங்கிலீஷில் இருக்கும்வரை அது வெறும் காற்று. எத்தனை வசதி.

என் கணவர் கத்தரியை மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவரு சொல்ல மாட்டாரு போல. நீ சொல்லு புள்ள. என்னை என்னன்னு சொன்னாரு?"

முதலாளி சொல்வார் என்று இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் தலை நிமிரவில்லை.

"நாணயங்கெட்டவன்னு சொன்னாருங்க" என்றேன். "திருடன்னு."

என் கணவர் முகம் எப்படி ஆயிற்று என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. "நானுங்களா மாமா?" என்று மட்டும் கேட்டார். அப்போதுகூட 'ங்க' போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு என் பின்னால் நடந்து வந்தார், அதன் பிறகு அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.

முதலாளி கடைசிவரை நல்ல மனுஷர் என்றே பேர் வாங்கினார். யாரையும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை என்று சாவு வீட்டில்கூடப் பேசிக்கொண்டார்கள். உண்மைதான். என் கணவரை அவர் முகத்துக்கு நேரே, தமிழில், திருடன் என்று சொன்னவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான்.