லண்டனுக்குப் போன அரிக்கன் லாம்பு

எழுபதுகளின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் பணவீக்கம் எங்கள் தீவுக் கிராமமான நாரந்தனையில் எங்கள் வீட்டில் வந்து இறங்கியது. லண்டனில் வேலை செய்து விடுமுறையில் வந்த அண்ணன்தான் அதைக் கொண்டுவந்தார்.

"எல்லாச் சாமானும் விலை ஏறிப்போச்சு. போன பனிக்காலம் கரண்ட் ஒழுங்கா இல்லை, மெழுகுதிரி வெளிச்சத்திலைதான் சாப்பிட்டனாங்கள். இப்ப சீனியும் இல்லை."

அம்மா பதறிப்போனார். எங்கள் வீட்டில் ஒருநாளும் கரண்ட் இருந்ததில்லை. ஆகவே அது நின்றுபோகும் துன்பத்தை நாங்கள் அறியோம்.

நான் அப்போது ஊர்காவற்றுறையில் பொருளியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். "விலை ஏறினால் வேலை கூடும். வேலை குறைஞ்சால் விலை இறங்கும்," என்று எல்லோருக்கும் ஆறுதல் சொன்னேன்.

"அங்கை விலையும் ஏறுது, ஆக்களையும் வேலையாலை நிப்பாட்டுறாங்கள்," என்றார் அண்ணன்.

"அப்பிடி நடக்க ஏலாது."

"நடக்குதடா!"

தென்னிலங்கையில் கடை வைத்திருந்து ஓய்ந்த எங்கள் தகப்பனாரான ஐயா சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்தார். "சம்பளத்தைக் கூட்டக் கூட்ட விலையும் கூடும். உங்கடை சம்பளத்தைக் கட்டிப்போட வேணும்."

அண்ணனின் முகம் சிவந்தது. "என்ரை சம்பளத்தையோ, ஐயா?"

"ஓம், முதல்லை உன்ரையைத்தான்!"

இங்கிலாந்தின் சம்பளக் கொள்கை காரணமாக இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு, "அவரிட்டைக் குழம்பைத் தரச் சொல்லு," என்று என் மூலம் தூது விட்டார்கள்.

அம்மாவுக்குக் கொள்கையில் நம்பிக்கை இல்லை. அண்ணன் புறப்படும் நாளில் ஓர் அரிக்கன் லாம்பையும் சீனிக்குப் பதிலாக ஓர் ஓலைக் குட்டான் பனங்கட்டியையும் பெட்டிக்குள் அடைத்தார். லாம்பில் மண்ணெண்ணெய் முட்ட நிரம்பியிருந்தது. "பிளேனிலை ஏத்த மாட்டாங்கள்!" என்று அண்ணன் கத்தி, பஸ் வரும் நேரத்தில் எண்ணெயை மட்டும் பனை வடலிக்கடியில் ஊற்றினார். பாதி அவருடைய காற்சட்டையில் ஊற்றுண்டது. அந்த மணத்தோடு அவர் பஸ்ஸில் ஏற, பக்கத்தில் இருந்தவர் சுருட்டை அணைத்துவிட்டு எழும்பி வேறு இருக்கைக்குப் போனார். ஐயாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "கவனமாப் போ, மோனை," என்று அவர் யன்னலடியில் வந்து சொன்னபோதுதான் சம்பளச் சண்டை முடிந்தது.

லண்டன் விமான நிலையத்தில் அதிகாரிகள் பனங்கட்டியைச் சுரண்டி, மோந்து, நக்கிப் பார்த்தார்களாம். கடைசியில் ஒருவர் தன் தேநீருக்கென்று ஒரு துண்டு கேட்டு வாங்கினாராம். அண்ணனின் கடிதத்தை நான் வாசிக்கக் கேட்ட அம்மா பெருமூச்சு விட்டார்.

"பாவங்கள், அரசாங்க உத்தியோகத்தருக்கே சீனி இல்லை."