ஒற்றைத் தும்மல்

எங்கள் வீட்டில் காலையில் தும்மக் கூடாது. என் கணவர் லாரி ஓட்டுகிறவர். ஒருமுறை அவர் வாசலில் செருப்பை மாட்டும்போது ஒற்றைத் தும்மல் போட்டுவிட்டேன். அன்றைக்கே அத்திபெலே தாண்டி வண்டி கவிழ்ந்து, தொடையில் பிளேட் வைக்கும்படி ஆயிற்று. அதற்காக அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் நான் மூக்கைச் சுருக்கினாலே அவர் முகம் வெளுத்துவிடும். அதைப் பார்க்கச் சகிக்காமல், தும்மல் வந்தால் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திக்கொள்ளப் பழகினேன். பெங்களூர்க் குளிருக்கும் தூசிக்கும் எனக்குத் தினமும் காலையில் தும்மல்தான்.

வலது காதில் சின்ன வயதிலிருந்தே ஓட்டை, சீழ் வடியும். அப்போது நான் பீன்யாவில் ஒரு கம்பெனியில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்தேன். இடது காதில் போனை வைத்துவிட்டால் எதிரே நிற்கிறவர் பேசுவது கேட்காது. மேனேஜர் நல்ல மனிதர்தான். இருந்தாலும் பேக்கிங்குக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். எனக்கு அந்த நாற்காலி என்றால் உயிர். அதற்காகத்தான் ஆபரேஷனுக்கே சம்மதித்தேன். காதுக்குப் பின்னாலிருந்து மெல்லிய சவ்வை எடுத்து ஓட்டையில் ஒட்டினார்கள். இரண்டே மாதத்தில் அது பிய்ந்துபோனது. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது.

வேறொரு டாக்டரம்மாவிடம் போனோம். நான் காதைக் காட்டினால் அவர் மூக்கைப் பார்த்தார். குளிர்ந்த தகடு ஒன்றை மூக்குக்குக் கீழே பிடித்து மூச்சுவிடச் சொன்னார். ஒரு பக்கம் நன்றாக ஆவி படிந்தது, மறுபக்கம் பெயருக்குத்தான். மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது, முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும் என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறீர்களே என்று கேட்டேவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. மூக்குக்குப் பின்னாலிருந்து காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகிறது, காதுக்குள் காற்று அந்த வழியாகத்தான் வரும், மூக்கு அடைத்தே கிடந்தால் ஒட்டின சவ்வும் கெட்டுப்போகலாம் என்று கன்னடம் கலந்த தமிழில் பொறுமையாக விளக்கினார். பிறகு, எப்படித் தும்முவீர்கள் என்று கேட்டார். பொத்திக் காட்டினேன்.

"அந்தக் காத்து எங்கம்மா போகும்? காதுக்குத்தான் போகும். இனிமே வாயைத் தொறந்துதான் தும்மணும், கொத்தாயித்தா, புரிஞ்சுதா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மூக்கை முதலில் சரிசெய்தார்கள். அது ஆறிச் சில மாதம் கழித்துக் காதுக்கு மறுபடி ஆபரேஷன். காதில் கட்டோடு வீட்டுக்கு வந்தேன். லீவு போட்டுக் கூடவே இருந்த அவர், ஒருநாள் காலை ஓசூர் லோடுக்குக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டினார். அந்த நேரம் பார்த்தா மூக்கு நமநமக்க வேண்டும்! கை தானாக மூக்குக்குப் போனது. அவர் பார்த்துவிட்டார்.

"கையை எடு. தும்மு."

வாயைத் திறந்து தும்மினேன். தெருக்கோடிவரை கேட்டிருக்கும். இன்னொன்று வந்தால் தேவலை, இரட்டைத் தும்மலுக்குத் தோஷமில்லை என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர்தான், குழந்தை தும்மினால் வாழ்த்துவதுபோல "நூறு" என்றார். சகுனம் தட்டினால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டே கிளம்புகிறவர், அன்று நேராகப் படியிறங்கிப் போய்விட்டார். உட்கார்ந்தால் நான் வருத்தப்படுவேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

சகுனமாவது மண்ணாங்கட்டியாவது என்று பேசுகிறவள் நான். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பொழுது சாய்ந்து, அவர் படியேறும் சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் என் எதிரே வந்து நின்றார்.

"காது பத்திரமா இருக்கா?"

இருந்தது. கட்டை எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, இந்தத் தடவை நன்றாக ஒட்டியிருக்கிறது என்றார். என் நாற்காலியும் எனக்கே நிலைத்தது. அதற்கப்புறம் எத்தனையோ காலைகளில் அவர் கிளம்பும்போது தும்மியிருக்கிறேன். அவர் நூறு என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அவர் திரும்பி வரும்வரை எனக்குத்தான் சோறு இறங்குவதில்லை.