வேக வைக்காத துணி

மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான், முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயைக் காய்ச்சிப் பசையாக்கி, பேண்டேஜ் துணியை அடுக்கடுக்காக ஒட்டி, ராஜபாளையத்தில் கூரைத் தகடு செய்தவன். படித்த இன்ஜினியர்களே என் ஷெட்டில் வாய்பிளந்து நிற்பார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். வத்திராயிருப்புத் தேங்காய் வியாபாரி ஒருவர், தன் கிடங்கு முழுவதற்கும் என் தகடுதான் என்று சொல்லியிருந்தார். அவர் பார்க்க வரும் நாள் காலையில், துணி வெளுக்கும் பட்டறையிலிருந்து என்னிடம் வேலைக்கு வந்திருந்த மாரியம்மாள், தறியிலிருந்து அப்படியே வந்த பேண்டேஜ் துணியைத் தண்ணீரில் போட்டுக் காட்டினாள். நனையாமல் மிதந்தது.

"மொதலாளி, சோடா போட்டு வேக வைக்காத துணி தண்ணியே குடிக்காது. ஒங்க பசைய எப்பிடிக் குடிக்கும்?"

"ஏட்டி, எனக்கே பாடமா? வெளிய போ!"

"போறேன். உரியும்போது என்னய நெனைங்க."

வியாபாரி வந்து, தகட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். அடுக்கு அடுக்காகக் கழன்று வந்தது.

"அண்ணாச்சி, தகடு கேட்டா வாழைப்பட்டைய நீட்டுதீக!" என்று சிரித்துவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் தளவாய்புரத்தில் மாரியம்மாள் வீட்டுக்கே போய் அவளைத் திரும்பக் கூப்பிட்டேன். "வர ஏலாது" என்று கதவைச் சாத்தினாள்.

அதன்பின் துணியை நானே வேக வைத்தேன். ஒரு தகடும் உரியவில்லை. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம், எல்லாம் என் மூளை என்றேன். அவள் பெயரை இன்றுதான் சொல்கிறேன்.