உயிரோடு இருந்தவளுக்குப் போட்ட இலை

தீபாவளிப் படையலுக்கு எங்கள் வீட்டில் மூன்று இலைகள் போடுவோம். ஒன்று தாத்தாவுக்கு, ஒன்று அப்பாயிக்கு. இரண்டு பேரும் எப்போதோ போய்ச் சேர்ந்தவர்கள். மூன்றாவது என் அக்காவுக்கு. அவள் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கீழ் லயத்தில், அடுத்த வீட்டு வரிசையில், கூப்பிடு தூரத்தில், குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருந்தாள்.

கீழ் லயத்துப் பையனைக் கட்டிக்கொண்டு போனதுதான் அவள் செய்த குற்றம். அவர்கள் எங்களைவிடக் குறைந்த சாதியாம். தோட்டம் ஒன்று, கொழுந்து எடுக்கும் மலை ஒன்று, குடியிருக்கும் காம்பரா அளவுகூட ஒன்று. இதில் என்ன சாதியைக் கண்டாரோ எங்கள் அப்பா! அவள் போன அன்றே தலைமுழுகிவிட்டேன் என்று லயம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அந்தத் தீபாவளிக்கே மூன்றாவது இலையைப் போடச் சொன்னார். ஹட்டன் கடையில் வாங்கிவந்த வாழையிலையைத் துடைத்துப் போட்டவள் நான். அவளுடைய பள்ளிக்கூடப் படத்தைச் சுவரில் சாய்த்துப் பூ வைத்தவளும் நான்தான். எனக்கு அப்போது பதினெட்டு வயது, ஒன்றும் தெரியாத பிள்ளையில்லை.

அம்மா மலையில் அக்காவுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பாள், பேச மாட்டாள். நான் அப்பாவுக்குத் தெரியாமல் அக்காவோடு போனில் பேசுவேன். எல்லாக் கதையும் பேசுவோம். வீட்டுக்குள் வைக்கும் படையலை வெளியாட்கள் பார்ப்பதில்லை. நானும் இலையைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

படைத்து முடிந்ததும், செத்தவர்கள் வந்து சாப்பிட்டுப் போகக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்க வேண்டும். மூன்றாவது வருடம் அப்படி இஸ்தோப்புத் திண்ணையில் பனியில் நின்றுகொண்டிருந்தபோது அக்கா படியேறி வந்தாள். நிறைமாத வயிறு. மூச்சு வாங்க அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்:

"புள்ள பொறக்குறதுக்கு முன்னாடி ஒங்க கையால ஒரு வாய் சாப்புடணும்மா."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் வழக்கப்படி கதவை மூன்று முறை தட்டித் திறந்தார். அக்கா வாசலில் நின்று மூன்று இலைகளையும் பார்த்தாள். பூ வைத்த தன் முகத்தைப் பார்த்தாள். அப்பாவுக்குக் கோபம், ஒருநாள் ஆறிவிடும் என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள்.

"ஒனக்குத்தான் எல போட்டுருக்கே. உக்காந்து தின்னு," என்றார் அப்பா.

அம்மா வேறு தட்டு எடுக்கப் போனாள். அந்த இலையில்தான் என்று தடுத்துவிட்டார். பிள்ளைத்தாய்ச்சி, தனக்கே போட்ட படையலில் எப்படிக் கை வைப்பாள்? அது தெரிந்துதான் சொன்னார், பாவி மனுஷன். அவள் உட்காரவில்லை. உடனே அப்பா என் பக்கம் திரும்பி, கறி வீணாகப் போகக் கூடாது, நீ சாப்பிடு என்றார்.

நான் உட்கார்ந்தேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை, பசி என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அப்பாவுக்குப் பயம், அவ்வளவுதான். இட்லியைப் பிட்டு ஆட்டுக்கறிக் குழம்பில் தோய்த்துத் தின்றேன். அவளுக்குப் பிடிக்குமென்று வைத்த ஈரலையும் தின்றேன். அவள் போகாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஈரல் நல்லா வெந்துருக்காடி?" என்று கேட்டாள்.

வாய் நிறைய வைத்துக்கொண்டு தலையாட்டினேன். அவள் சுவரைப் பிடித்தபடி படியிறங்கிப் போனாள். அம்மா குழம்புச் சட்டியை மூடிவைத்தாள்.

பெண் குழந்தை என்று பக்கத்துக் காம்பராக்காரர்கள் சொல்லித்தான் தெரியும். என் போனை அக்கா அதன்பிறகு எடுக்கவில்லை. அடுத்த தீபாவளிக்கு அப்பா இலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. மறந்தாரோ, மனம் மாறினாரோ, நான் கேட்கவில்லை. நானாகவே மூன்று இலைகளையும் துடைத்துப் போட்டேன். கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றபோது, அவள் வந்துவிடக் கூடாதே என்று சாமியைக் கும்பிட்டேன்.