நிறம் மாறிய முகவை

நான் இரசாயனம் படிப்பிக்கும் பழுகாமத்துப் பாடசாலைக்கு ஒரேயொரு நாள் வந்துபோனவர் அவர். லீவில் ஊருக்கு வந்த ஆராய்ச்சியாளர். கட்டையாக வெட்டிய நரைமுடி, கசங்கிய பருத்திச் சேலை. எதைப் பார்ப்பதென்றாலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தை அதனருகே கொண்டுபோவார். வெளிநாட்டில் தொகுதி இரசாயனவியல் என்ற புதிய துறையில் வேலை செய்வதாகச் சொன்னார். அப்படியொரு துறை இருப்பதே எனக்குத் தெரியாது.

ஆய்வுகூடத்தில் நாலைந்து கரைசல்களை ஒரு கண்ணாடி முகவையில் ஊற்றிக் கலக்கினார். சிவப்பு நீலமானது. இரசாயனத் தாக்கம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் நீலம் திரும்பவும் சிவப்பானது, பிறகு நீலமானது. எதுவும் சேர்க்காமலே அது மாறிக்கொண்டிருந்தது. முகவையருகே குனிந்தபடி கேட்டேன்.

"இதுக்கு உயிர் இருக்கா மிஸ்?"

"இல்ல சேர். தனித்தனியா எடுத்தா இதுல ஒண்டுக்கும் இந்தக் குணம் இல்ல. எல்லாம் சேர்ந்தாத்தான் இப்பிடி. அந்தச் சேர்க்கையைத்தான் நாங்க ஆராயிறம்."

கனநேரத்துக்குப் பிறகு மாற்றம் மெதுவாகி, நின்றது.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க மிஸ்," என்றேன் பதறிப்போய்.

"ஊத்தினா திரும்பவும் மாறும். ஆனா ஒருத்தரும் ஊத்தாம, தனக்கு வேண்டியதைத் தானே எடுத்து, தன்னைப்போல இன்னொண்டையும் உண்டாக்கிற கலவை எப்ப வரும் எண்டுதான் பார்த்துக்கொண்டிருக்கிறம்."

முகவையைக் கழுவி வைத்துவிட்டு மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். நான் வீட்டுக்குப் போகாமல் வாவிக்கரையில் நின்றுகொண்டிருந்தேன். அப்படியொரு கலவை வருமா என்று அவர் சொல்லவில்லை. எப்ப என்றுதான் சொன்னார்.